மூன்றாம் பாகம் தேறாது

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்தில் கத்தரிக்கோல் கேட்க வாய் திறந்தேன். சொல் வரவில்லை. விரலால் வெட்டிக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்கு வர வேண்டிய தலைமைப் பதிப்பாசிரியர் பதவியைத் தட்டிக்கொண்டு போனவர், சிரிக்கத்தான் செய்வார். சட்டப் புத்தகங்களில் பிழை பிடித்தே வயிறு வளர்த்தவன் நான். எனக்கா சொல் பஞ்சம்?

மார்ச் 11

பஞ்சம்தான். மூளையின் இடப்பக்கம், பேச்சுக்கான பகுதியை ஒட்டி ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு என்றார் டாக்டர். எடுத்துவிடலாமாம். ஆனால் எடுக்கும்போது நான் விழித்திருந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பேச்சு தடுமாறினால் அந்த இடத்தைத் தொடாமல் விலகிவிடுவார்கள். பேசாவிட்டால்? அவர் நாட்காட்டியைப் புரட்டினார். தேதி குறித்தார்.

மார்ச் 12

பயம். வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 13

அறுவை அறையில் என் முகத்தருகே உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கப்போகிறவள் ஒரு சின்னப் பெண். பேச்சுப் பயிற்சியாளராம். எதைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவீர்கள் என்று கேட்டாள். வேலையைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. குடும்பம்? ஒரு வாக்கியம். அதுவும் மனைவி பக்கத்தில் இருந்ததால்.

மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். "ராக்கெட் கதை, கம்ப்யூட்டர் கேம், டொய்ங் டொய்ங்னு ஒரு மியூசிக். இந்த மூணையும் ஆரம்பிச்சா இவர் வாயை மூட முடியாது. ஆனா அதையெல்லாம் பேச இவருக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாரு. அவர்கிட்டயும் சண்டை."

சண்டையாம். நடந்தது அவளுக்கு என்ன தெரியும்?

நூலக மாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒரு விஞ்ஞானக் கதை, ஒரு விளையாட்டு, ஓர் இசைத்தொகுப்பு, அவரவருக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து பேச வேண்டும். அன்று நான் கொண்டுபோனது மூன்று பாக நாவல். தலைமுறை தலைமுறையாக விண்ணில் போகும் கப்பல். கடைசிப் பாகத்தில் நிலம் வருகிறது. இறங்கத்தான் யாருக்கும் மனமில்லை. சொல்லி முடிக்கையில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். மனைவி சொன்ன அந்த ஒரே ஆள் ரேடியோ (ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர்) எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மூணாம் பாகம் தேறாதுடா. எழுதுன ஆளுக்கே தூக்கம் வந்துடுச்சு." அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று படியிறங்கியவன்தான், பல வருஷமாக அந்தப் பக்கம் போகவில்லை. கேட்கக் கொடுத்த என் ஒலிநாடா இன்னும் அவனிடம்.

மார்ச் 16

என்னைக் கேட்காமல் மனைவி ரேடியோவுக்கு போன் செய்திருக்கிறாள். கத்தினேன். காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "பேச்சு போயிட்டா அப்புறம் என்னை யாரு திட்டுவா?"

மார்ச் 17

என்னைப் பார்க்க அவன் வரவில்லை. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணோடு மட்டும் போனில் வெகுநேரம் பேசினானாம். என்ன சொன்னான் என்றேன். "அது ஆபரேஷன் அன்னைக்குத் தெரியும் சார்" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள். என் உயிருக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவன் என் எதிரி.

மார்ச் 19

நாளை. விண்வெளிக் கதைகளில் எத்தனை பேரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்து உறையவைத்தார்கள்! ரசித்துப் படித்தேன். படுக்கப் போகிறவனுக்கு முந்தைய ராத்திரி எப்படிப் போகும் என்பதை ஒருத்தர்கூட எழுதவில்லையே.

செத்தாலும் பரவாயில்லை, ஊமையாகக் கூடாது— பொய். ரெண்டும் வேண்டாம். பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

கத்தரிக்கோல். கத்தரிக்கோல். இப்போது வருகிறது.

மார்ச் 26

எழுத முடிகிறது. மெதுவாக.

எலும்பைத் திறக்கும்வரை மயக்கத்தில் வைத்திருந்து பிறகு எழுப்பினார்கள். நீலத் துணி. அந்தப் பயிற்சிப் பெண்ணின் முகம் மட்டும். பிடித்த இசை எது என்றாள், சொன்னேன். எந்த விளையாட்டை அதிகம் ஆடினீர்கள் என்றாள், சொன்னேன். பின்னாலிருந்து ஏதோ உலோகம் தட்டில் விழுந்தது. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. டாக்டரின் குரல்: "பேசுறாரா?" கருவி பட்டதாலா, பயத்தாலா? அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

அவள் குனிந்து சொன்னாள்: "மூணாம் பாகம் தேறாது சார். எழுதினவருக்கே தூக்கம் வந்துடுச்சு."

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்று ஆரம்பித்தேன். முதல் பாகத்து விதை மூன்றாம் பாகத்தில் முளைப்பதை, ரேடியோவுக்குப் பொறுமை போதாததை, எல்லாம் சொன்னேன். கட்டியை எடுத்து முடித்தபோது டாக்டர் கேட்டாராம்: "அப்புறம் கப்பல் என்னாச்சு?"

ஏப்ரல் 6, ஞாயிறு

ரேடியோ வந்தான். முடி கொட்டிவிட்டது அவனுக்கும். ஒரு பொட்டலத்தை நீட்டினான். பிரிக்க வேண்டும், அந்தச் சொல் வரவில்லை. விரலால் வெட்டிக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். உள்ளே என் ஒலிநாடா.

"பயந்தா நீ ஊமையாயிடுவே. கோபம் வந்தா உன்னை நிறுத்த ஆளில்ல. அதைத்தான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்" என்றான்.

ஒலிநாடாவைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டேன், சொற்களைத் தேடித் தேடி. அப்படியானால் அன்று நூலகத்தில் சொன்னது?

"அது வேற. அது நிஜமாவே தேறாதுடா."

நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருடா என்றேன்.