வண்டி ஓடும்போது இங்கிலீஷ்

மஸ்கட்
12.2.2006

அன்புள்ள வெண்ணிலா,

நலமா? போன வருஷம் நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. முதலில் தபால்காரர் மேல் பழி போட்டேன், பிறகு உன் மேல். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதில் உன் பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை. அதையும் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், என்ன செய்ய.

நான் நலம். வார்டில் இருபத்திரண்டு கட்டில், நாள் முழுக்க இங்கிலீஷ். டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் சட்டென்று வந்துவிடுகிறது. எல்லாம் நாம் தாம்பரம் நர்சிங் ஹோமுக்குப் போகும் ரயிலில் படித்தது. ஊரப்பாக்கத்தில் ஏறி வண்டி நகர்ந்தால் இங்கிலீஷ் மட்டும்தான், வண்டி நின்றால்தான் தமிழ் என்று நீ போட்ட சட்டத்தை மறக்க முடியுமா? ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு கேள்வி. பெருங்களத்தூர் தாண்டி சிக்னலுக்காக நிற்கும்போது அதுவரை அடக்கி வைத்த தமிழையெல்லாம் கொட்டித் தீர்ப்போம். எதிரே பூ கட்டிக்கொண்டு வரும் அம்மா, "இன்னாமே, வண்டி நின்னாத்தான் ஒங்களுக்கு சிரிப்பே வருது" என்பார். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்காவிட்டால் நான் இங்கே வந்தே இருக்க மாட்டேன். இப்படி நன்றி சொல்லிக் கடிதத்தை முடித்துவிடத்தான் ஆசை. முடியவில்லை.

ஃபோனில் சொல்லத் தைரியம் இல்லாத ஒரு விஷயம். புதுச் சொற்கள் பிடிபடட்டும் என்று என் பதிலை நீயும் உன் பதிலை நானும் மாற்றிச் சொல்லிப் பழகுவோமே. 'ஏன் நர்ஸ் ஆனாய்?' என்ற கேள்விக்கு என் பதில் சப்பென்று இருக்கும், சேவை செய்ய என்று. உன்னுடையதுதான் பதில். உன் அப்பா காலில் திருக்கை மீன் முள் குத்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் வருவதற்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்து, அவர் காலில் இருந்த கடல் மணலைத் தன் கையாலேயே கழுவி, "ஐயா, வலிக்குதா?" என்று கேட்டார். அதுவரை அவரை யாரும் ஐயா என்று கூப்பிட்டு நீ கேட்டதில்லை. அதை நானும் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

2003 செப்டம்பர், எழும்பூர் ஓட்டலில் மஸ்கட் வேலைக்கு நாம் இருவரும் போன இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வந்தது. நான் வாயைத் திறந்ததும் உன் பதில் வந்துவிட்டது. கோவளத்து மீனவர் என் அப்பா என்று சொன்னேன், வெண்ணிலா. பாதியில் நிறுத்தியிருக்கலாம். எதிரே இருந்த அம்மாவின் கண் கலங்கியதைப் பார்த்தேன், நிறுத்தவில்லை.

அந்த அம்மாதான் இங்கே மேட்ரன், ஹெலன் மேடம். அப்பா எப்படி இருக்கிறார் என்று மாதம் தவறாமல் கேட்பார். சுனாமி அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் பதறிப்போய் உனக்கு ஃபோன் செய்தது உன் அப்பாவுக்காகத்தான், அதில் பொய் இல்லை. ஆனால் நீ "அப்பா நல்லா இருக்காரு" என்றதை அவரிடம் என் அப்பாவைப் பற்றிய சேதியாகச் சொன்னேன்.

ஏப்ரலில் அவர் தங்கையோடு மகாபலிபுரம் பார்க்க வருகிறார். வழியில் கோவளத்தில் இறங்கி என் அப்பாவைப் பார்க்க வேண்டுமாம். ஜூனில் என் வேலையைப் புதுப்பிப்பது அவர் கையில்தான். எங்கள் அப்பா ஜெபராஜ் ஒரு பள்ளிக்கூட கிளார்க், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. வெண்ணிலா, ஒரே ஒரு மணி நேரம் உன் அப்பா என் அப்பாவாக இருக்க முடியுமா? கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும்.

உன்
ஜான்சி


ஊரப்பாக்கம்
3.3.2006

ஜான்சிக்கு,

உன் கடிதத்தைச் சித்தி வீட்டு வாசலில் நின்றபடியே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று நினைத்தாயா?

இன்டர்வியூ அன்று உனக்குப் பிறகு மதியம் என்னைக் கூப்பிட்டார்கள். அதே கேள்வி. மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன் என்று ஆரம்பித்தேன். காலைக் கழுவுகிற இடத்துக்குக்கூட வரவில்லை, அந்த மேடம் கையை உயர்த்தினார். காலையில் ஒரு பெண் இதே கதையைச் சொன்னாளே, எல்லாரும் ஒரே இடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறீர்களா என்று கேட்டார். அது என் கதை என்று சொன்னால் உன் பெயரை அடித்துவிடுவார்கள். சாரி மேடம் என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியே நீ காத்திருந்தாய். இங்கிலீஷ் உளறிவிட்டது என்றேன். நீ என் தோளைத் தட்டி, "விடுறி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாய். நீ எடுத்துக்கொண்டதைக்கூட மன்னித்துவிட்டேன், அந்தத் தட்டலை மன்னிக்க முடியவில்லை.

உன் கடிதங்கள் மூன்றும் வந்தன. தபால்காரர் மேல் தப்பில்லை. முதல் ஒரு வருஷம் எதுவும் தெரியாதவள் மாதிரி உனக்குப் பதில் எழுதினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை.

கோபத்தில் எழுதினால் பாதிதான் உண்மை வரும், அதனால் மீதியையும் சொல்கிறேன். இப்போது வார்டுக்கு நான்தான் பொறுப்பு. வட இந்தியாக்காரர் யாராவது அட்மிட் ஆனால், "வெண்ணிலாவைக் கூப்பிடு" என்கிறார் டாக்டர். வேலையில் சேர்ந்த புதிதில் 'யெஸ் டாக்டர்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள் நான். தப்புத் தப்பாகப் பேசினாலும் சிரிக்காமல் அடுத்த கேள்வி கேட்டவள் நீ ஒருத்திதான். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தபோது, என் டப்பாவிலிருந்து மீன் துண்டை எடுத்துத் தின்றவளும் நீதான். அந்த நன்றி எனக்கு உண்டு, எப்போதும் போகாது.

ஆனால் அப்பாவைத் தர மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் இல்லை. உன் மேட்ரனிடம் நீயே போய்ச் சொல். சொன்ன பிறகும் அவர் வருவதானால் வரட்டும், அம்மா மீன் வறுத்துப் போடுவாள்.

வெண்ணிலா


மஸ்கட்
5.4.2006

அன்புள்ள வெண்ணிலா,

உன் கடிதம் வந்த மறுநாளே சொல்லிவிட்டேன். அவர் அறையில் நின்று ஒன்று விடாமல் சொன்னேன். எத்தனை கேள்விக்குத் தயார் செய்து வைத்திருந்தேன்! அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "யூ மே கோ" என்றார். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள், அந்த இன்னொரு பெண்ணின் முகவரியும் ஃபோன் நம்பரும் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையைப் பற்றிப் பேச்சில்லை. திருப்பி அனுப்பினால் வந்துவிடுவேன், தாம்பரத்தில் எனக்கும் ஒரு கட்டில் வரிசை கிடைக்காமலா போகும்.

எங்கள் அப்பாவுக்கும் எழுதினேன். ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: 'என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா பாப்பா?' அதைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

நீ அன்றைக்கு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் இங்கே இல்லை. இந்த இரண்டரை வருஷச் சோறு நீ போட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. மன்னிப்புக் கேட்கிறேன். நன்றியும் சொல்கிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது சரியா என்று தெரியவில்லை.

பதில் போடாவிட்டாலும் உன் மேல் வருத்தமில்லை.

ஜான்சி


ஊரப்பாக்கம்
23.4.2006

அன்புள்ள ஜான்சி,

உன் மேட்ரன் போன வியாழக்கிழமை வந்தார். முந்தின நாளே ஃபோன் வந்ததால் நான் லீவு போட்டுவிட்டு வண்டலூர் வழியாக பஸ் பிடித்துக் கோவளம் போய்விட்டேன். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். அம்மா வஞ்சிரம் வறுத்தாள். கேள்வியும் பதிலுமாக இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அப்பாவின் கால் எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்குக் கடலுக்குப் போவார் என்று அவர் கேட்க, நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்று உன்னை நிறுத்தாமல் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், தப்பு என்னுடையதும்தான் என்றார். செப்டம்பரில் மறுபடி இன்டர்வியூ, வருகிறாயா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் வேலையைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டாயிற்றாம். ஜூன் வரைக்கும் பயந்துகொண்டே இருக்கட்டும், அவளிடம் சொல்லாதே என்றார். அவர் சொன்னால் நான் கேட்டுவிடுவேனா?

கார் போன பிறகு அப்பா, "அந்தம்மா இன்னாத்துக்கு ஒங்கிட்ட மன்னாப்பு கேட்டுகினு போவுது?" என்று கேட்டார். அதுவரை உன் மேட்ரன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் கொஞ்சம் ஆசைதான்.

அவர் திட்டவில்லை. "அது கிளார்க்கு வூட்டுப் பொண்ணாச்சே" என்றார்.

"ஆமாம்பா."

"அது போயி, அத்தினி பெரிய மன்சாளுங்க முன்னாடி, நான் கடலுக்குப் போறவன் பொண்ணுன்னு சொல்லிக்கிச்சா?"

"ஆமாம்பா, பொய்யா சொன்னா."

"பொய்யி கெடக்கட்டும்மே. வெக்கப்படாம சொல்லிச்சா?"

ஜான்சி, இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். நம் நர்சிங் ஹோமில் சேர்ந்தபோது படிவத்தில் தகப்பனார் தொழில் 'பிசினஸ்' என்று எழுதினேன். கேட்டவர்களிடமும் அதையேதான் சொன்னேன். அப்பா தாம்பரம் பக்கம் வருகிறேன் என்றால், "பஸ்ல கூட்டம்பா, வேணாம்" என்பேன். அந்தத் திருக்கைக் கதையை நான் சொன்னதெல்லாம் ரயிலில், உன் ஒருத்தியிடம்தான். அதுவும் இங்கிலீஷில். இங்கிலீஷில் சொன்னால் அது வேறு யாரோ ஒருவரின் அப்பா மாதிரி இருந்தது, வாய் கூசவில்லை. இன்டர்வியூவில் மேடம் கையை உயர்த்தியபோது உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இத்தனை நாள் பெருமையாக நினைத்திருந்தேன். பாதி உனக்காக. அவர் என் அப்பா என்று அடித்துச் சொல்ல எனக்கு வராதது மீதி. நீ பொய்யாகவாவது சொன்னாய். அதில் அப்பா முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், அதற்காக உனக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விடுமுறைக்கு வந்தால் கோவளத்துக்குக் கூட்டி வரச் சொன்னார் அப்பா. முதலில் உங்கள் அப்பாவைப் போய்ப் பார், பிறகு இங்கே வா.

நேற்று வேலைக்குப் போனதும் அலுவலகத்தில் என் படிவத்தை எடுத்துத் தரச் சொன்னேன். 'பிசினஸ்' என்பதை அடித்துவிட்டு 'மீனவர்' என்று எழுதினேன். ஏழு வருஷம் கழித்து எதற்கும்மா இதை மாற்றுகிறாய் என்று கேட்டார் அங்கே இருக்கும் சாம்பசிவன் சார். வரிசையில் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா கோவளத்தில் மீன் பிடிக்கிறார் சார் என்று, எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழிலேயே சொன்னேன்.

அன்புடன்,
வெண்ணிலா