மருமகள் அனுப்பிய ஒற்றைச் சொல்

அன்புள்ள மகனுக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே குளிர் கடுமை என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இரண்டு வாரமாக நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. கோபமில்லை, வருத்தம். உன் மனைவிக்கு நான் தைத்து அனுப்பிய நீலக் கோட்டு கைக்கு வந்ததும், 'திஸ் கோட் இஸ் சிக்' என்று அவள் செய்தி அனுப்பினாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சிக் என்றால் நோய். அந்தக் காலர் சரியாக உட்காரும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தவள் நான். மனசு விட்டுப்போச்சு. அப்பாவிடம் மூச்சு விடவில்லை. உன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிற மனுஷனாச்சே!

நேற்று ஒரு இங்கிலீஷ் டீச்சர் பாவாடைக்கு ஜிப் மாற்ற வந்தாள். மெதுவாக அவளிடம் கேட்டேன். மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிரமாதம் என்று அர்த்தமாம். முதலில் உடம்பு சரியில்லாததற்கும், பிறகு புத்தி கோணலானதற்கும் சொன்ன வார்த்தையாம். சக்கரம் வைத்த சறுக்குப் பலகையில் நம்பமுடியாத வித்தை காட்டுகிற பிள்ளைகள் வாயில் புரண்டு பாராட்டாகிப் பரவியதாம். சரியாக யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாதாம். "நல்லா இருந்தா நாமளும் பயங்கரமா இருக்குன்னுதானே சொல்றோம், அது மாதிரிதான் அக்கா" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மெஷின் முன்னறையில்தானே இருக்கிறது, அப்பாவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. "அப்ப அந்தப் பொண்ணும் நம்மள மாதிரிதான் பேசுது" என்றார். ஒரு வருஷமாக அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது. நான் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். மேலே ஏதாவது கேட்டால் முறுக்கிக்கொள்வார், உனக்குத் தெரியாதா?

இந்தக் கடிதத்தை அவளுக்கு நீயே படித்து அர்த்தம் சொல்லு. என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லு. அவள் நிறத்துக்கு அந்த நீலம் எடுப்பாக இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

இன்று காலையில் தச்சர் வந்து உன் அறையை அளந்துவிட்டுப் போனார். உன் ஒற்றைக் கட்டிலை எடுத்துவிட்டு இரட்டைக் கட்டில் போட அப்பா சொல்லியிருக்கிறார். யாருக்கு என்று கேட்டேன். ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். லீவு எப்போது கிடைக்கும் என்று விசாரி, கண்ணா. இரண்டு பேருக்கும் சேர்த்தே விசாரி.

நீங்கள் இருவரும் நலமாக, ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்
உன் அம்மா