மஞ்சள் சுருக்குப்பையில் இரண்டு கார்டு

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி முதல் தேதி

தேனிக் கேமராக் கடையில் இருந்தது நாலு பேர். நான், இவர், கடைக்காரத் தம்பி சண்முகராஜ், சார்ஜர் மாற்ற வந்த ஒரு வாத்தியார். வாத்தியார் கிளம்பும்வரை இவர் வாயே திறக்கவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிற பாண்டியராஜன், மெமரி கார்டு வாங்கப் பெண்டாட்டியைக் கூட்டி வந்திருக்கிறாரே என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.

புதுக் கேமரா எழுதுகிற வேகத்துக்குப் பழைய கார்டுகள் திணறுகின்றன. கேமரா கம்பெனியே விற்கிற கார்டு ஒன்றின் விலைக்கு வேறு கம்பெனிக் கார்டு நாலு வரும். வயர் போட்டு வெளியே தொங்கவிடுகிற எஸ்.எஸ்.டி. இன்னும் மலிவு. ஆனால் மண்டபக் கூட்டத்தில் யார் கையாவது வயரில் பட்டால்? அது வேண்டாம் என்றேன். யூடியூபில் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: நம் கேமரா நொடிக்கு எழுதுவது இருபத்தைந்து எம்.பி.தான், இந்த நடுத்தரக் கார்டு அறுபது தாங்கும், இதுவே போதும்.

சண்முகராஜ் சிரித்தான். "அக்காவ இங்கன கல்லாவுல உக்கார வச்சிட்டு நான் சோறாக்கப் போயிரலாம்ணே."

"போயிரு. அவ சமையலுக்கு நீ தேவல" என்றார் இவர்.

இரண்டு வாங்கினோம். "பிளாஸ்டிக் பெட்டிய விட்டு எடுத்தா நேரா கேமராவுக்குள்ளதான்க்கா போகணும். தூசி ஆகாது" என்றான். சரி என்றேன்.

பெருமையாக இருந்தது இன்று. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வீரபாண்டி போய்வந்தேன். கார்டு இரண்டையும் கௌமாரியம்மன் பாதத்தில் வைத்து வாங்கினேன். அம்மனிடம் பிளாஸ்டிக் பெட்டியோடு நீட்ட மனம் வரவில்லை, வெளியே எடுத்துத்தான் கொடுத்தேன்.

"என்னத்தா இது, பேங்க் கார்டா?" என்றார் பூசாரி.

"இல்ல சாமி. இதுக்குள்ள ஒரு கல்யாணம் வந்து உக்காரப் போகுது."

இரண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பிரசாதக் குங்குமத்தோடு மஞ்சள் சுருக்குப்பையில் போட்டுவிட்டேன். முகூர்த்தம் வரை அவள் காவலில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காமயகவுண்டன்பட்டிக் கல்யாணம். பெண் பெயர் அபிதா. விடியுமுன் போனவர் மதியம் வந்து, சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கேட்டுக் கேட்டு வாங்கினேன். புதுக் கார்டில் ஒன்று தாலி கட்டுகிறவரை ஓடியிருக்கிறது. அட்சதை விழும்போது கேமராவில் 'கார்டு எர்ரர்'. கழற்றி மாட்டினால், கார்டே இல்லை என்கிறது. இன்னொரு புதுக் கார்டைத் தொடப் பயந்து, மீதியைப் பழைய கார்டில் தரம் குறைத்து எடுத்திருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரும் அந்தக் கார்டைக் காட்டவில்லை. சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததெல்லாம் முன்னால் நின்றவர்கள் தலைதான்.

அபிதாவின் அம்மா அக்கம்மாள், புருஷனை இழந்தவர். தாலி கட்டுகிற நேரம் மேடைப் பக்கமே வரவில்லையாம். பந்திக் கூடத்து வாசலில் நின்றுகொண்டு இவரிடம் சொல்லியிருக்கிறார்: "நான் அங்கன வரல தம்பி. நீங்க நல்லா எடுங்க. பெறகு வீடியோவுல கண்ணாரப் பாத்துக்கிறேன்."

மலிவு பார்த்தது யார்? நான். நான்தான்.

ஆகஸ்ட் 30, சனி

கடைக்கு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

கார்டை ஒரு கவரில் போட்டு மேசைமேல் எறிந்தார் இவர்.

"குடுங்கண்ணே, ஒருக்கா பாக்குறேன்."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். பாத்து வித்திருக்கணும்."

"கம்பெனிக்கு அனுப்புனா புதுசு தருவாக. ஆனா உள்ள இருக்கது திரும்ப வராதுண்ணே."

"இப்ப மட்டும் வந்து கெடக்காக்கும்."

கவரைப் பிரிக்காமல் பில்லோடு சேர்த்துப் பின் அடித்தான். புதன்கிழமைப் பார்சலில் போகுமாம். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அக்காதானே இந்தக் கார்ட எடுத்தாக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீடு வந்ததும் இவர் வீடியோக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், சண்முகராஜ் கடையில் யாரும் கார்டு வாங்காதீர்கள் என்று. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆட்கள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 31

அக்கம்மாள் போன் பண்ணுனாக. இவுக எடுக்கல. நானும் எடுக்கல.

செப்டம்பர் 1, திங்கள்

சுருக்குப்பையிலிருந்த இன்னொரு கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். அதுவும் காட்டவில்லை. ஒரு தடவைகூட உபயோகிக்காத கார்டு.

திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். பின்பக்கம் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் பட்டைகள், இடையில் வரப்பு மாதிரி பிளாஸ்டிக். அந்த இடுக்கெல்லாம் சிவப்பு. ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, பஞ்சால் துடைத்து மறுபடி போட்டேன். உடனே காட்டியது.

பிரசாதக் குங்குமத்தோடு பையில் போட்டது நான்.

இவர் கண்ணில் ஏன் படவில்லை? எப்படிப் படும். எங்கள் வீட்டில் எதில் குங்குமம் இல்லை.

அப்படியானால் அந்தக் கார்டும் கெட்டிருக்காது. தாலி கட்டினது உள்ளேயே இருக்கும். பின் அடித்த கவருக்குள், பார்சலுக்குக் காத்துக்கொண்டு.

இவர் வந்தார். சாப்பாடு போட்டேன். சொல்லவில்லை. அம்மன் குங்குமத்தால் கெட்டது என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாட்டி அந்தக் கடைக்காரப் புள்ள தலையில பழி. எது பெரிய பாவம் தாயே?

செப்டம்பர் 2, செவ்வாய்

விளக்கேற்ற உட்கார்ந்தேன், முடியவில்லை. அவளா பெட்டியைக் கழற்றச் சொன்னாள்? பெட்டியை விட்டு எடுத்தால் நேராகக் கேமராவுக்குள் என்று தம்பி சொன்னான், சரி என்று தலையாட்டிவிட்டு எடுத்தது என் கை. இதில் அவளை எதற்கு இழுக்கிறேன்.

இவரிடம் கார்டைக் காட்டிச் சொன்னேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேமரா நிக்கிற டிரைபாட்டுக்கு நீ விபூதிப் பட்டை போட்டப்பவே நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

சண்முகராஜுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. செவ்வாய் கடை விடுமுறை, நாளைக் காலை பார்சல்.

"தனியா ஒரு மெசேஜ் போடு. குரூப்புல வேணாம், எனக்கு அசிங்கம்."

"அவன அசிங்கப்படுத்துனது அங்கனதான? அங்கனதான் போடணும்."

போனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். போட்டதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'சண்முகராஜ் தம்பிக்கு, பாண்டியராஜன் வீட்டுக்காரி மகாலட்சுமி எழுதுகிறேன். குழுவில் இருக்கிற எல்லோரும் படிக்க வேண்டும். தம்பி கடைக் கார்டில் ஒரு குறையும் இல்லை. பெட்டியை விட்டு எடுத்துக் குங்குமத்தோடு போட்டு வைத்தது நான். தப்பு என்னுடையது. தம்பி, அந்தக் கவரை நாளைக்கு அனுப்பிவிடாதீர்கள். பின்பக்கம் துடைத்துப் பார்த்தால் அபிதா கல்யாணம் உள்ளே இருக்கும். முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். ஒருவேளை அனுப்பியிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், அக்கம்மாளிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும். எதுவானாலும் சீக்கிரம் பதில் போடுங்கள்.'