பேப்பரில் வந்த கால்கள்

1982 ஆகஸ்ட், ஞாயிறு

போன வாரம் மாவட்டப் போட்டியில் இருநூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். இன்றைய பேப்பரில் படம் போட்டிருக்கிறார்கள். முகம் பாதிதான் தெரிகிறது. கால்கள் முழுதாக இருக்கின்றன. கீழே என் பெயரும், 'துள்ளி ஓடும் கல்முனைக் கட்டழகி' என்ற வரியும்.

வாப்பா காலையிலேயே சந்திக் கடையில் இருந்த அத்தனை பேப்பரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஊரில ஒருத்தரும் பாக்கப்படா" என்றார்.

பின்னேரம் முற்றத்தில் நெல் அவித்தோம். உம்மா அந்தப் பேப்பர்களை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார். ஒவ்வொரு தாளிலும் என் கால்கள் எரிந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகைகூட வரவில்லை.

கடைசித் தாளை மட்டும் உம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். திருப்பியும் ஒருமுறை வாசித்தார்.

"நீ முதலாவதா வந்த எண்டு இதில எங்க புள்ள இரிக்கி?"

"இல்ல உம்மா."

அதையும் அடுப்புக்குள் தள்ளினார்.

இருநூறு மீற்றர். முதலாம் இடம். இருபத்தேழு தசம் நாலு செக்கன். வேறு எங்கும் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.