பூ எறியும் குழாய்

உரும்பிராய்,
ஆனி 14.

அன்புள்ள தம்பி சிவகரனுக்கு,

அண்ணி சுபாஜினி எழுதுகிறேன். இங்கு மூவரும் பிள்ளையார் புண்ணியத்தில் இருக்கிறோம். அங்கு நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பீர்கள். இதைப் போனில் கதைக்க எனக்குத் துணிவில்லை. கனடா திரும்பும் கமலாவதி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன்.

தோட்டத்து வெங்காயம் கிண்டியாயிற்று, விலைதான் இல்லை. மகள் சாருஜா பள்ளிச் சோதனைக்குப் படிக்கிறாள்.

விஷயம் அந்தக் குழாய்தான். போன வருடம் கோயிலில் மற்றப் பகுதியார் தங்கள் உபயத் திருவிழாவில் ட்ரோனால் பூத் தூவியதிலிருந்து உங்கள் அண்ணைக்கு நித்திரை இல்லை. எங்கள் உபயத்தன்று சுவாமி வெளிவீதி வரும்போது காற்றை அடைத்துக் குழாயால் பூ எறியலாம் என்று நீங்களும் வீடியோ காட்டி, ஒரு பித்தளை வால்வும் அனுப்பினீர்கள். அது இங்குள்ள ஒன்றோடும் சேரவில்லை. உங்கள் நாட்டு மரை வேறாம், எங்கள் மரை வேறாம். இரண்டு சுற்றில் இறுகிவிடும், காற்று மட்டும் சீறிக்கொண்டு வெளியே போகும். நூல் சுற்றிப் பார்த்தார், பசை தடவிப் பார்த்தார். கோப்பாயில் ஒரு கடை மிச்சம் விடவில்லை. கடைசியில் நெல்லியடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்வரட்ணம், ஒரு பக்கம் உங்கள் மரையும் மறுபக்கம் எங்கள் மரையும் வெட்டிய துண்டொன்றைக் கடைந்து கொடுத்தார். அன்று உங்கள் அண்ணை சிரித்துக்கொண்டு வந்த முகத்தைப் சண்டை முடிந்து புனர்வாழ்வு முகாமால் வந்த பின் நான் கண்டதேயில்லை.

ஆனால் தம்பி, அளவு பார்க்க அவர் முழுக் குழாயையும் தோளில் சாய்த்து, மோட்டார் சைக்கிளில் நெல்லியடி வரை போய் வந்தவர். வெள்ளைக் குழாய் வடிவில்லை என்று, கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றை வேறு அதற்கு அடித்திருந்தார். அவர் கண்ணுக்கு அது பூ எறியும் சாமான். வழியில் ஆமிக் காவலரணில் நிற்பவனுக்கு அது என்னவாகத் தெரியும்? திரும்பி வரும்வரை நான் கேற்றடியிலேயே நின்றேன்.

வெள்ளிக்கிழமை பின்வளவில் சோதித்துப் பார்த்தார். குழாயின் ஒரு மூட்டு கழன்று வெடித்த சத்தத்துக்கு ஒழுங்கைச் சனமே வெளியில் வந்துவிட்டது. கிணற்றடி முழுக்கச் செவ்வந்திப் பூ. அதன் நடுவே உங்கள் அண்ணை தலையைக் கைகளால் மூடிக் குப்புறப் படுத்திருந்தார். சாருஜா ஓடிப்போய்த் தொட்டதும் எழும்பி, “ஒண்டுமில்லைப் பிள்ளை, வழுக்கிப்போச்சு” என்றார். நிலம் காய்ந்து கிடந்தது.

மறுநாள் சிவில் உடுப்பில் இருவர் வந்து, முன் கடையில் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பெயரை எழுதிக்கொண்டு போனார்களாம். அவரிடம் சொன்னேன். “பூவுக்கு ஆரும் பிடிப்பினமே?” என்று சிரிக்கிறார். கோயில் மனேச்சர் பரமலிங்கம் ஐயாவைக் கேட்டால், சத்தமில்லாமல் செய்தால் சரியாம்! எனக்கு விசர் பிடிக்கும் போலிருக்கிறது.

வால்வை அரிசி வாளிக்குள் ஒளித்தும் பார்த்தேன். அவர் கோபிக்கவில்லை, என்னைக் கேட்கவுமில்லை. கட்டிலுக்கடியில், கோழிக்கூட்டில் என்று தேடிக்கொண்டே இருந்தார். பார்க்கப் பொறுக்காமல் எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார். ஆனால் அதை நான் கேட்கவில்லை. திருவிழாவுக்கு நீங்கள் வாருங்கள். வந்து அந்தக் குழாயை உங்கள் கையால் பிடியுங்கள். கனடாப் பாஸ்போட் உள்ளவர் கையில் இருந்தால் அது விளையாட்டுச் சாமான். அவர் கையில் இருந்தால், பெயர் எழுதிக்கொண்டு போனவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வேண்டுமென்று அவர்கள் வந்து நின்ற அன்று, “தம்பி படிக்கட்டும், நான் வாறன்” என்று அவர் எழும்பிப் போனதை மாமி எனக்குச் சொல்லியிருக்கிறா. சொல்லிக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த ஒரு முறை அவர் கையிலிருப்பதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் நின்று, பூ விழுவதை மட்டும் பார்க்கட்டும்.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கே வர ஆசை வந்ததாகச் சொல்லுங்கள். பிள்ளையார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், இவரைப் பத்திரமாக இங்கேயே வைத்திருக்கட்டும்.

உங்கள் வரவை நம்பியிருக்கும்,
அண்ணி
சுபாஜினி