வேனுக்கும் ஈரக் கழிவு

மார்ச் 11, செவ்வாய்
தலவாக்கலை. தூறல், குளிர். வேனை டயர் கடைக்குக் கொண்டுபோனேன். பழைய வேன்; உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் நானே பொருத்தியவை. வெள்ளிக்கிழமை கதிர்காமம். மனைவி பார்வதிக்கு இடுப்பு வலி, பஸ்ஸில் உட்கார முடியாது. படுத்துக்கொண்டுதான் போவாள்.

கடைக்காரன் நாலு டயருக்கும் காற்று 65 பவுண்ட் அடித்தான். "டயர்லயே எழுதியிருக்குங்களே ஐயா." அது டயர் தாங்கும் எல்லை, அவ்வளவும் அடி என்பதல்ல. சொன்னேன். சிரித்தான். திரும்பும் வழியில் குழிக்குக் குழி, கட்டிலில் படுத்துப் பார்க்க வந்த பார்வதியின் முனகல். இவனெல்லாம் கடை வைத்திருக்கிறான்.

மார்ச் 12, புதன்
நல்ல மழை. மருமகன் செல்வம் முணுமுணுப்பு. மூன்று நாள்தான் லீவாம், காற்றடிக்கவே ஒரு வாரமா என்கிறான். எடை தெரியாமல் என்ன காற்று? என்னிடம் டயர் அட்டவணை இருக்கிறது, எடைக்கு எவ்வளவு என்று.

தேயிலை பேக்டரி லாரித் தராசில் நிறுத்தேன். முன் சக்கரம் தனியாக, பின் சக்கரம் தனியாக. கிளாக்கர் எடை எழுதிய துண்டு தந்தார். பின் சக்கரம் 1,460 கிலோ. அட்டவணைப்படி 47.
வாங்க வேண்டியவை: உப்பு, தீப்பெட்டி, தைலம்.

மார்ச் 13, வியாழன்
விடியலில், டயர் சூடேறுமுன், 47க்கு இறக்கினேன். பிறகு கண்ணாடி போட்டுத் துண்டைப் பார்த்தால், 1,520. அடியில் "ஈரம் 60" கழித்து 1,460. சீ! வேன் என்ன நனைந்த தேயிலைக் கொழுந்தா? இந்தக் காற்றோடு வழியில் எல்ல ஊர் மலையிறக்கத்தில் போயிருந்தால் டயர் சூடாகி வெடித்திருக்கும்.

கிளாக்கரிடம் போய்க் கேட்டேன். "மழை நாளுங்களே, கை பழக்கத்துல கழிச்சிருச்சு."

பார்வதி முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். மழை நாளெல்லாம் அவளுக்கும் ஈரமென்று இப்படித்தான் எடையில் கழித்தார்கள். சொன்னதும் கொதிப்பாள் என்று பார்த்தேன்.
"அது கெடக்கட்டும். நீங்க எடை போட்டப்ப நான் வேன்ல இல்லையே. நான் என்ன காத்தா?"
செல்வம் அடுப்படியில் சிரித்தான்.

மார்ச் 14, வெள்ளி
5.30. பனி. தண்ணீர், சாமான், மகள், செல்வம், கட்டிலில் பார்வதி. நேரே தராசுக்கு. கிளாக்கர் பேனாவை எடுத்ததும் பார்வதி ஜன்னலைத் தள்ளினாள்.
"ஐயா, இன்னைக்காவது கழிக்காம எழுதுங்க."
பின் 1,640. முழுதாக எழுதினார். அட்டவணையில் 55. பேக்டரி வாசலிலேயே என் கைப்பம்பால் அடித்தேன்.

நானுஓயாவில் தேநீர். பார்வதி இறங்கவில்லை. குழிகளுக்கும் முனகாமல் தூங்குகிறாள்.