உன் காரின் கியர்பொக்ஸில் பழுதில்லை, அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

உன் கார் ஓடுகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் என் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டிருப்பாய்.

உன் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறோம். அக்காவைப் பற்றி நீயே எழுது என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். அன்பே உருவான ஆசிரியை, பொறுமையின் இருப்பிடம் என்றெல்லாம் எழுதலாம்தான். உன்னிடம் குட்டு வாங்காத பிள்ளை இந்தத் தேயிலைத் தோட்டத்தில் உண்டா? படிக்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். அதனால் கார் விஷயத்தையே எழுதுகிறேன், கோபிக்காதே.

சின்ன வயதிலிருந்தே உனக்கு இடது கால் சரியில்லை. கிளச்சை மிதிக்க முடியாது. அதற்காக ஓட்டோ கியர் கார்தான் வேண்டும் என்று அலைந்து திரிந்து, வயசான ஒரு ஜப்பான் காரைப் பிடித்து வந்தாய். வலது கால் மட்டும் போதும், கியர் தானாக மாறும். தோட்டத்தில் சிலர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நீ அவர்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனாய்.

உன் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தக் கார் கடைசிவரை பிடிபடவில்லை. லொறி ஓட்டியே பழகிய மனுசன். இடது கால் சும்மா இருக்காது, இல்லாத கிளச்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதிக்கும். "என்னைய எறக்கி விடுங்க, நான் நொண்டிக்கிட்டே போயிடுறேன்" என்று நீ கத்துவாய். மச்சான் சிரிப்பார். ஆனால் காருக்குப் பணிவிடை செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடைசி மாதங்களில் உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமைதோறும் பொனட்டைத் திறந்து கியர் ஒயில் பார்ப்பதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த நாளில் உனக்கு எவ்வளவு நினைவு இருந்ததோ தெரியாது. நீ பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துக் கிடந்தாய். மச்சான் ஓட்டினார். மழை. மாத்தளைக்கு இறங்குவதற்கு முன் வரும் அந்த மேட்டில் எஞ்சின் அலறியதே தவிர கார் ஏறவில்லை. அவர் கியரை மாற்றி மாற்றிப் போட்டார், மிதித்தார், கருகிய வாடை வந்தது. கார் பின்னால் வழுக்க ஆரம்பித்தது. நான் குதித்து டயருக்குக் கல் வைத்தேன். கீழேயிருந்து ஒரு த்ரீவீலர் வரும்வரை அங்கேயே நின்றோம். அதில் ஏற்றும்போது நீ சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "காரை அப்படியே விட்டுட்டு வராதீங்க, கண்ணாடியை ஏத்துங்க."

மறுநாள் நீ போய்விட்டாய். இருதயம் ஏற்கெனவே மிகவும் கெட்டிருந்தது, கொஞ்சம் முந்தி வந்திருந்தாலும் இதுதான் என்று டொக்டர் சொன்னார். நான் நம்பினேன். மச்சான் நம்பவில்லை. "அந்த பொக்ஸ்தான்டா அவளக் கொன்னுருச்சு" என்று சாவு வீட்டிலேயே சொன்னார். அதன்பிறகு வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதையே சொன்னார்.

காரை இழுத்து வந்து வாசலில் போட்டதோடு சரி, பல மாதம் அவர் அதன் பக்கமே திரும்பவில்லை. பிறகு ஒருநாள் வந்து, ஓட்டோ பொக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு மேனுவல் பொக்ஸ் போடுவோம், டவுனில் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்றார். இங்கே நிறையப் பேர் அப்படித்தானே செய்கிறார்கள்? எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை.

"கிளச்சு வச்சா அக்கா எப்படி ஓட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. முதலில் ஒரு மெக்கானிக் பாஸிடம் காட்டுவோம் என்று மச்சான் ஒத்துக்கொண்டார்.

மாத்தளையிலிருந்து ரிஸ்வான் நானாவைக் கூட்டி வந்தேன். ஓட்டோ பொக்ஸ் பார்க்கிற மெக்கானிக். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். குளிர்ந்திருக்கும்போது ஓடுமா, சூடானபின் வழுக்குமா, ரிவர்ஸ் பிடிக்குமா?

"ஒயில் கொறையல்ல நானா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நானே பாப்பேன். கோடு வரைக்கும் இருக்கும்" என்றார் மச்சான்.

"எங்க வச்சு பாப்பீங்க?"

"இங்கதான், வீட்டு வாசல்ல."

நானா வாசலைப் பார்த்தார். நம் வாசல் உனக்குத் தெரியாதா, ஒரு தேங்காயை வைத்தால் தேயிலைக்குள் போய்த்தான் நிற்கும். தோட்டத்தில் யார் வாசல்தான் மட்டமாக இருக்கிறது?

"எஞ்சினை ஓட விட்டா பாத்தீங்க?"

"நிப்பாட்டிட்டுத்தான். லொறிக்கு அப்படித்தானே?"

மட்டமான இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார் நானா. இந்தத் தோட்டத்தில் மட்டமான தரை உன் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதானே. குளிர்ந்த கார் மெதுவாக நகர்ந்தது, இறக்கம்தான், கொண்டுபோய் நிறுத்தினோம். நானா எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, திரும்பப் பார்க்கிங்கில் போட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கோட்டுக்கு வெகு கீழே, கம்பியின் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

ஓட்டோ பொக்ஸில் எஞ்சினை நிறுத்தினால் ஒயில் எல்லாம் கீழே இறங்கி அளவு கூடுதலாகத் தெரியுமாம். சரிவில் வைத்தால் இன்னும் பொய் சொல்லுமாம். ஒயில் குறைந்த பொக்ஸ் சூடானதும் வழுக்கிவிடுமாம், மேட்டில் இழுக்காதாம். நீ பள்ளிக்கூட நாட்களில் மைதானத்தில்தானே பொனட்டைத் திறந்து நிற்பாய், அக்கா? உனக்குத் தெரிந்திருந்தது. குறைந்ததை ஊற்றியும் வந்திருக்கிறாய். பிறகு ஏன் மச்சானுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை? உனக்காக ஏதோ செய்கிறேன் என்று அவர் ஆசையாகச் செய்ததைத் திருத்த மனம் வரவில்லையா? இல்லை, சொல்லக்கூட மூச்சில்லையா?

நானா பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். ஒயில் கறுத்திருந்தது, ஆனால் இரும்புத் துகள் இல்லை. தட்டின் விளிம்பில் இருந்த ரப்பர் பெக்கிங் காய்ந்துபோய் அதன் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. அதை மாற்றி, வடிகட்டியை மாற்றி, புது ஒயில் ஊற்றினார். எக்ஸிலேட்டரிலிருந்து பொக்ஸுக்குப் போகும் கேபிள் தளர்ந்திருந்தது, அதையும் இழுத்துச் சரிசெய்தார்.

"பொக்ஸ்ல ஒரு பழுதும் இல்ல. இன்னும் பல வருசம் ஓடும்" என்றார் நானா, சந்தோசமாக. அவருக்கு என்ன தெரியும்?

நான் ஓட்டினேன். மச்சான் பக்கத்தில் இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறுவதே தெரியவில்லை. அந்த மேடு வந்தது. கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. உச்சியில் நிறுத்தச் சொன்னார். இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பொக்ஸ் செத்துப் போயிருந்தா நல்லாருந்திருக்கும், சேகர்" என்றார்.

நான் டொக்டர் சொன்னதைத் திரும்பவும் சொன்னேன். அவர் காதில் அது ஏறவில்லை. சிறு பிள்ளை மாதிரி அழுதார் அக்கா. நானும் அழுதேன். இத்தனை மாதமும் அவருக்குத் திட்டுவதற்கு ஒரு இரும்புப் பெட்டியாவது இருந்தது. அதையும் நாங்கள் பழுதுபார்த்துப் பறித்துவிட்டோம்.

இதை மலரில் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. சரிவுல வச்சு ஒயில் பாக்காதீங்கனு எழுது. நான்தான் பாத்தேன்னும் எழுது" என்றார். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். படிக்கிறவர்கள் அவரைக் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது. உன் மேல் இருந்த ஆசையில் செய்த பிழை அது.

மேனுவல் பொக்ஸ் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. கார் உன் கார்தான், அப்படியே இருக்கும். அவர் ஓட்டுவதில்லை. ஞாயிறானால் என்னை ஓட்டச் சொல்லி மைதானத்துக்கு வருகிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கம்பியை உருவித் துடைத்து, விட்டு எடுத்து, தான் பார்க்காமல் என்னிடம் நீட்டுகிறார்.

"பாத்துச் சொல்லுடா, சரியா இருக்கா?"

"சரியா இருக்கு மச்சான்."

"நல்லா பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

திரும்பத் துடைக்கிறார். திரும்ப விட்டு எடுக்கிறார். திரும்பக் கேட்கிறார். போன வாரம் எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது, உன்னிடம் மறைப்பானேன். இனி வராது அக்கா. அவர் எத்தனை தடவை நீட்டினாலும் அத்தனை தடவையும் வாங்கிப் பார்த்துச் சொல்வேன், அவருக்கே ஒருநாள் குனிந்து பார்க்கத் துணிச்சல் வரும்வரைக்கும்.

உன் மடியில் வளர்ந்து, உன்னை மடியில் ஏந்திய தம்பி,
சேகர்